கேள்வி – பதில்: வண்டியில் ஏறும் ரேக் பெட்டி

கேள்வி: சிறிய அளவில் மைக்செட் நடத்திவருகிறேன். இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள், ஒரு டிஜிட்டல் மிக்சர், இரண்டு வயர்லெஸ் மைக் ரிசீவர்கள் ஆகியவற்றைப் போர்வையில் சுற்றித் தனித்தனியாகக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு விழாவிலும் வயர் மாட்டி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. எல்லாக் கருவிகளையும் தட்டுத்தட்டாக அடுக்கித் திருகிப் பூட்டிவைக்கும் ரேக் பெட்டியை உள்ளூர்த் தச்சர் செய்து தருவதாகச் சொல்கிறார். செய்யச் சொல்லலாமா? என்ன அளவு கொடுப்பது?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். ஆனால் அளவை வாயால் சொல்லாதீர்கள். "பத்தொன்பது அங்குல ரேக்" என்று சொன்னால், உள் அகலம் சரியாகப் பத்தொன்பது அங்குலம் என்று எடுத்துக்கொண்டு மரத்தை அறுத்துவிடுவார்கள். எனக்கே ஒரு பெட்டி அப்படி வீணாயிற்று. பத்தொன்பது அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர் என்பது, கருவியின் முகத்தகடு, திருகு மாட்ட இரு பக்கமும் நீண்டிருக்கும் காதுகளையும் சேர்த்துக் கொண்டிருக்கும் அகலம். அந்தத் தகடு உரசாமல் உள்ளே போய் உட்கார, பெட்டியின் உட்சுவர்களுக்கிடையே அதற்கு மேலும் நாலைந்து மில்லிமீட்டராவது இடம் வேண்டும். இரு பக்கமும் திருகு பூட்டும் இரும்புப் பட்டைகளுக்கு நடுவே குறைந்தது 450 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். துளைக்கும் துளைக்கும் குறுக்களவு 465 மில்லிமீட்டர் வர வேண்டும்.

உயரக் கணக்கு "யூ" என்ற அலகில் வரும். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர், நம் கணக்கில் ஒன்றே முக்கால் அங்குலம். ஒவ்வொரு யூவுக்கும் மூன்று துளைகள் உண்டு. அவை சம தூரத்தில் இருப்பதில்லை. இரண்டு இடைவெளிகள் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, மூன்றாவது அரை அங்குலம் என்று மாறிமாறி வரும். ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை அந்த அரை அங்குல இடைவெளியின் நடுவில் இருக்கிறது. பட்டையை அங்கே அறுக்காமல் ஒரு துளை தள்ளி அறுத்துவிட்டால், மேலேயும் கீழேயும் விளிம்பில் வரும் கருவிகள் உட்காரா. ஆகவே பட்டைகளைக் கடையில் வாங்கித் தச்சரின் கையில் கொடுத்துவிட்டு, கூடவே உங்கள் ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியைப் பசை போட்டு இறுக்குவதற்கு முன்பு அந்தக் கருவியைப் பூட்டிப் பார்த்தால் எந்தப் பிழையும் அங்கேயே தெரிந்துவிடும்.

பலகையில் சிக்கனம் வேண்டாம். இடைமழையிலும் ஐப்பசி மழையிலும் பெட்டி நனையாமல் இருக்கப்போவதில்லை. சாதாரண ப்ளைவுட் ஓரத்தில் நீர் இறங்கிப் பிரிந்துவிடும். கொதிநீர் தாங்கும் தரமான பி.டபிள்யூ.ஆர். வகையை, ஐ.எஸ். 303 முத்திரை பார்த்து வாங்குங்கள்; இன்னும் கொஞ்சம் செலவிட முடிந்தால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளை நல்லது. 9 மில்லிமீட்டர் கனம் போதும். விளிம்புகளுக்கு அலுமினியப் பட்டை, மூலைகளுக்கு எஃகுக் குமிழ், மூடிகளுக்குப் பட்டாம்பூச்சித் தாழ்ப்பாள், பக்கத்துக்கு இரண்டு மடக்குக் கைப்பிடி. முன்னும் பின்னும் மூடி முழுதாகக் கழன்று வர வேண்டும். கீலில் தொங்கும் மூடி மேடையில் வழியை அடைக்கும். அதில் தடுக்கி யாராவது ஒருவர் நிச்சயம் விழுவார்.

இனி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுவதா என்ற கேள்வி. உங்கள் கருவிகளைக் கூட்டிப் பார்த்தால் ஆம்ப்ளிஃபயர்கள் நான்கு யூ, மிக்சர் மூன்று, ரிசீவர்கள் இரண்டும் பக்கத்தில் பக்கம் ஒன்று, மின்சாரப் பகிர்வுக்கு ஒன்று, இணைப்புத் தகட்டுக்கு ஒன்று, மைக்கும் பேட்டரியும் வைக்கும் இழுப்பறைக்கு இரண்டு, ஆகப் பன்னிரண்டு யூ வருகிறது. ஒரே பெட்டியில் அடங்கும். ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய ஆம்ப்ளிஃபயராக இருந்தால் ஒன்றே இருபது கிலோவைத் தொடும். இரண்டு பேர் கைப்பிடித்து வண்டியில் ஏற்றும் பெட்டி ஐம்பது கிலோவைத் தாண்டக் கூடாது என்பதை நான் சட்டமாகவே வைத்திருக்கிறேன், ஏனென்றால் உழுத வயலிலும் கோயில் மணலிலும் சக்கரம் உருளாது. கடைசியில் நம் ஆட்களின் இடுப்புதான் தூக்குகிறது. ஆம்ப்ளிஃபயர்களும் அவற்றுக்கான மின்சாரப் பகிர்வும் ஒரு பெட்டி, மிக்சரும் ரிசீவர்களும் இழுப்பறையும் இன்னொரு பெட்டி என்று பிரித்துவிடுங்கள். அப்போது ஆம்ப்ளிஃபயர் பெட்டியை ஸ்பீக்கருக்கு அருகிலேயே வைத்து, தடித்த ஸ்பீக்கர் வயரின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கனமான கருவி எப்போதும் அடித்தட்டில் இருக்கட்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆம்ப்ளிஃபயரை முன்காதுகளின் நான்கு திருகுகளில் மட்டும் தொங்கவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதி மலைக்கு ஒரு கல்யாண வீட்டு வேலைக்குப் போனேன். புறப்படும்போது எல்லாம் சரியாக இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் கடந்து மேலே போய் மூடியைக் கழற்றினால், அடித்தட்டு ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் பெட்டியின் தரையில் கிடக்கிறது. முகத்தகட்டின் இடது காது, வெற்றிலையை மடித்தது போலத் திருகோடு வளைந்து நிற்கிறது. நாற்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள கருவியின் எடை முழுதும் பின்னால் இருக்க, வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காது நெம்புகோலின் முனையாகிவிடுகிறது. பின்னாலும் ஒரு ஜோடி பட்டை பூட்டி, கருவியின் பின்புறத்தைத் தாங்கும் கோண இரும்பு வைத்தால் இது நடக்காது. செலவு சில நூறு ரூபாய்தான். கருவியைப் பூட்ட, பட்டையின் சதுரத் துளையில் சொருகும் எம்6 கேஜ் நட்டுகளும், முகத்தகடு கீறாமலிருக்க ப்ளாஸ்டிக் வாஷர்களும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டிலும் பத்துப் பதினைந்து கூடுதலாக இழுப்பறையில் கிடக்கட்டும்.

உங்களுடைய இரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன். பெட்டி செய்தால் மட்டும் அது குறையாது. பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு வயரும் வீட்டிலேயே ஒருமுறை மாட்டப்பட்டு, பிறகு கழற்றப்படாமலே இருக்க வேண்டும்; அதற்குத்தான் இணைப்புத் தகடு. மிக்சரின் உள்ளீடுகள், வெளியீடுகள், ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகள் எல்லாவற்றையும் பெட்டியின் பின்பக்கத்தில், மூடி இடிக்காதபடி சற்று உள்வாங்கிய ஒரே தகட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மைக்குகளுக்கு மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் சாக்கெட், ஸ்பீக்கருக்குத் திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் சாக்கெட். ஸ்பீக்கருக்குக் கால் அங்குல ஜாக் பயன்படுத்திக்கொண்டிருந்தால் இந்தத் தருணத்தில் விட்டுவிடுங்கள். ஜாக்கைச் செருகும்போதும் உருவும்போதும் முனைகள் ஒரு கணம் ஒட்டி ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு ஷார்ட் ஆக வாய்ப்புண்டு. களத்தில் பழுதாவது பெரும்பாலும் கருவியன்று, அடிக்கடி செருகி உருவப்படும் பிளக்கும் சாக்கெட்டும்தான். தகட்டில் அடி வாங்கும் சாக்கெட்டை மாற்றுவது அரை மணி நேர வேலை. மிக்சரின் போர்டிலேயே சாக்கெட் பிய்ந்தால் சீசன் முடியும்வரை கருவி சர்வீஸ் கடையில் கிடக்கும்.

உள்ளே மின்வயர்கள் ஒரு பக்கச் சுவரை ஒட்டியும் ஒலி வயர்கள் மறு பக்கச் சுவரை ஒட்டியும் இறங்கட்டும். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும். கருவியை வெளியே இழுத்துப் பார்க்கும் அளவுக்கு ஒவ்வொரு வயரிலும் ஒரு சுற்று உபரி விட்டு, வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். ப்ளாஸ்டிக் டையை இரவு பதினொரு மணிக்கு ப்ளேடால் அறுக்கப் போய்ப் பக்கத்து வயரையும் அறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டிக்கு மின்சாரம் ஒரே வழியாக, 16 ஆம்பியர் பிளக் ஒன்றின் மூலம் வர வேண்டும். பெட்டியின் முகப்பில் ஒரு வோல்ட் மீட்டரையும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியையும் பொருத்துங்கள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் ஜெனரேட்டரின் நியூட்ரல் இணைப்பு தளர்ந்துபோய், 230 காட்ட வேண்டிய மீட்டர் 290ஐத் தாண்டி ஏறுவதைக் கண்ணால் பார்த்துப் பிளக்கை உருவியிருக்கிறேன். அலங்கார விளக்குகள் வரிசை வரிசையாக எரிந்து போயின; என் பெட்டி தப்பியது. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் போனால் சுமை குறைந்த பேஸில் அழுத்தம் எகிறும் என்பதால், மீட்டரைப் பார்க்காமல் கருவிகளின் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தேவாலயத்தின் பாடகர் குழுவுக்கு ரேக் பெட்டியில் ஒலியமைப்பு வைத்திருக்கிறோம். மாசி, பங்குனி மாதங்களில் நண்பகல் நிகழ்ச்சிகளில் ஆம்ப்ளிஃபயர் தானாக நின்று, கால் மணி நேரம் கழித்துத் தானாக வேலை செய்கிறது. பழுதா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பழுதாக இருக்காது, அம்மா. சூடு அளவு மீறும்போது ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது, ஆறியதும் திரும்புகிறது. பல கருவிகளின் கையேடுகளில் சுற்றுப்புற வெப்பத்துக்கு 40 பாகை செல்சியஸ்தான் வரம்பு. பாலக்காட்டுக் கோடையில் நிழலிலேயே வெப்பம் அந்த அளவைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் பெட்டிக்குள் தேங்கும் சூடும் சேர்கிறது.

முதலில், பின்மூடியைக் கழற்றாமல் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். பல ஆலயங்களில் அழகு கருதி அப்படியே விட்டுவிடுகிறார்கள். முன்னும் பின்னும் மூடி இல்லாமல், பின்னால் திரைச்சீலையோ சுவரோ ஒரு முழத்துக்கு உள்ளாக இல்லாமல் பெட்டி நிற்க வேண்டும். இரண்டாவது, காற்று ஓடும் திசை. விசிறி முன்னிருந்து பின்னுக்குத் தள்ளும் கருவிக்கு மேலே, பின்னிருந்து முன்னுக்குத் தள்ளும் கருவியை வைத்தால் ஒன்றின் சூட்டை மற்றொன்று உறிஞ்சும். கருவி இல்லாத காலி இடங்களை வெற்றுத் தகடு போட்டு மூடுங்கள். திறந்து வைத்தால் காற்றோட்டம் என்று தோன்றும், ஆனால் பின்னால் வெளியேறும் வெப்பக்காற்று அந்தச் சந்து வழியாகவே முன்பக்கம் திரும்பி வந்துவிடும். விசிறி இல்லாத கருவிக்கு மட்டும் மேலே ஒரு யூ காலி விட்டு, அங்கே துளையிட்ட தகடு பூட்டலாம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதியையும் மறக்கக் கூடாது. விசிறியின் முன்னுள்ள நுரைவடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; கம்பளி போல அடைத்திருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் உலர்ந்த பிறகே மாட்டுங்கள்.

கேள்வி: வாளையாறு மாநில எல்லை வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போகும்போது ரேக் பெட்டிகளுக்கு என்ன காகிதம் வைத்திருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், கஞ்சிக்கோடு

பதில்: ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால், விற்பனைக்கல்லாமல் சொந்தக் கருவியைக் கொண்டுபோனாலும் டெலிவரி சலான் எழுதிக்கொள்ளுங்கள், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் எடுங்கள். பதிவு இல்லாதவரும் கொள்முதல் ரசீதுகளின் நகலை வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உட்புறத்திலும் உள்ளிருக்கும் கருவிகளின் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதி ஒட்டிவிட்டால், சோதனையின்போது கருவியைக் கழற்றிக் காட்டும் தொல்லை இல்லை. இரவில் பெட்டியை மூடும்போது எதையாவது விட்டுவிட்டோமா என்று சரிபார்க்கவும் அதே பட்டியல் உதவும்.

கேள்வி: மேடையில் மிக்சர் ரேக்கையும் ஸ்பீக்கருக்கு அருகே ஆம்ப் ரேக்கையும் வைத்தால் "ம்ம்" என்று இரைச்சல் வருகிறது. மிக்சரின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டால் நின்றுவிடும் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார், வெட்டினோம், நின்றுவிட்டது. இப்படியே விடலாமா?
– ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: விடக் கூடாது. இந்த இதழ் கையில் கிடைத்த அன்றே அந்தப் பிளக்கை மாற்றுங்கள்.

ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மைக் பிடிப்பவர்தான் நம் ஊர் மேடைகளில் அதிகம். மிக்சருக்குள் ஒரு மின்வயர் உரிந்து உலோக உடலைத் தொட்டால், எர்த் இருக்கும்போது அந்த மின்சாரம் பூமிக்குப் போய்ப் பாதுகாப்புச் சாதனம் விழுந்துவிடும். எர்த் வெட்டப்பட்டிருந்தால் அது மைக் வயரின் உறை வழியாகப் பாடுபவரின் கைக்குப் போகும். ரேக் பெட்டியில் ஆபத்து இன்னும் பெரிது. எல்லாக் கருவிகளின் உலோக உடலும் ஒரே இரும்புப் பட்டையில் பூட்டப்பட்டிருப்பதால், ஒன்றில் ஏறும் மின்சாரம் எல்லாவற்றிலும் ஏறும்.

இரைச்சலுக்குக் காரணம் இரு பெட்டிகளும் வெவ்வேறு இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பதுதான். இரண்டு எர்த்துகளுக்கிடையே உள்ள சிறு வேறுபாடு, ஒலி வயரின் உறை வழியாக ஓடி 50 ஹெர்ட்ஸ் முனகலாகக் கேட்கிறது. ஆம்ப் ரேக்குக்கு வரும் அதே இணைப்பிலிருந்து, எர்த்தோடு கூடிய மூன்று கம்பி வயரை ஒலி வயருடனேயே மிக்சர் ரேக்குக்கு இழுத்துவிடுங்கள். பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் ஒலி வழியில், இரு பக்கத்தையும் நேரடி மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் போடுங்கள். அல்லது உறைக்குள் இரண்டு ஒலிக்கம்பிகள் ஓடும் பேலன்ஸ்டு வயராக இருந்தால், ஆம்ப் முனையிலுள்ள எக்ஸ்எல்ஆரில் முதலாம் பின்னில் பற்றவைத்த உறைக்கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, அந்த வயருக்குச் சிவப்பு டேப் சுற்றித் தனியாக வையுங்கள். மறந்துபோய் அதை மைக் வயராக மாட்டினால், வயர் வழியாகவே மின்சாரம் பெறும் கன்டென்சர் மைக்குக்கு அது போகாமல் மேடையில் திண்டாட நேரும்.