சூப்பர்சார்ஜர் வண்டியும் தண்ணீர் இண்டர்கூலரும்: எல்லைப் பக்கத்துக் கேள்விகள்

சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜின் பெல்ட்டால் சுற்றி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி; டர்போவும் அதே வேலைதான், ஆனால் புகையின் வேகத்தில் சுற்றும். அமுக்கியதால் சூடான காற்றை ஆற வைப்பது இண்டர்கூலர். இதைப் பற்றித் தமிழ்நாடு-கேரள எல்லையில் பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் இருந்து வந்த கேள்விகள் இவை. சிலது ஒரே கேள்வியாக இருந்ததால் சேர்த்துவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறை: அண்ணா, காத்தை எதுக்குங்க குளிர வைக்கணும்? எப்படியும் உள்ளே போய் எரியத்தானே போகுது?

எரியத்தான் போகிறது தம்பி, ஆனால் எப்போது எரிகிறது என்பதில்தான் விஷயம். காற்றை அமுக்கினால் சூடாகும், சைக்கிள் பம்ப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுப் பக்கம் 35 டிகிரியில் இருக்கும் காற்றை 10 பிஎஸ்ஐ பூஸ்டுக்கு (வெளிக்காற்றைவிட அவ்வளவு கூடுதல் அழுத்தத்துக்கு) அமுக்கினால், கணக்குப்படி 85 டிகிரி வரும். நிஜத்தில் எந்த சூப்பர்சார்ஜரும் அவ்வளவு ஒழுங்காக அமுக்காது, கூடவே வெட்டிச் சூட்டையும் சேர்க்கும், அதனால் 110 டிகிரியைச் சுலபமாகத் தொட்டுவிடும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போனால் பிளக் பொறி விட்ட பிறகு, தீ பரவி வந்து சேருவதற்குள் மிச்ச பெட்ரோல் தானாகவே வெடிக்கும், அதுதான் நாக்கிங். பங்கில் நாம் போடுவது ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) குறைந்த பெட்ரோல் என்றால் இன்னும் மோசம். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பயந்துகொண்டு பொறி விடும் டைமிங்கைப் பின்னால் தள்ளும், வண்டி இழுக்காது. அதே காற்றை 110-இல் இருந்து 55-க்கு இறக்கினால் அடர்த்தி சுமார் 17 சதவீதம் கூடும், அதாவது அதே இடத்தில் அவ்வளவு அதிகக் காற்று.

சித்தூர்: டர்போ வண்டியில பம்பருக்குப் பின்னாடி காத்து இண்டர்கூலர் இருக்கு. இதுல மட்டும் தண்ணி எதுக்கு?

இடம்தான் காரணம். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகை (இரண்டு உருளைகள் சுழன்று காற்றைத் தள்ளுபவை) சூப்பர்சார்ஜர் வி8 இன்ஜினின் (வி வடிவில் எட்டு சிலிண்டர்) நடுப்பள்ளத்தில், மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்) மேலேயே உட்கார்ந்திருக்கும். வெளியே வரும் காற்று சில அங்குலத்தில் வால்வுக்குப் போய்விடும். அந்தக் காற்றை முன் பம்பர் வரை பைப் போட்டுக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவந்தால் பாதையிலேயே பூஸ்ட் கொஞ்சம் போய்விடும், ஆக்சிலேட்டர் மிதித்ததும் கிடைக்கும் அந்த உடனடி இழுவையும் மந்தமாகும். அதனால் சின்னச் செங்கல் அளவில் கோர் (மெல்லிய குழாய்களின் கூடு) ஒன்றை மேனிஃபோல்டுக்குள் வைத்து அதன் குழாய்களுக்குள் தண்ணீரை ஓட விடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் சூடு, ஒரு லிட்டர் காற்று சுமப்பதைப் போல 3,000 மடங்குக்கு மேல், அதனால்தான் அவ்வளவு சின்ன கோர் போதுகிறது. 2009 கார்வெட் இசட்ஆர்1-இன் 638 குதிரைத்திறன் எல்எஸ்9 இன்ஜினில் இதே ஏற்பாடுதான், ஈட்டன் சூப்பர்சார்ஜரோடு இரண்டு கோர்.

சென்ட்ரிஃபியூகல் வகை (சுழலும் சக்கரம் காற்றை வீசித் தள்ளுவது) சூப்பர்சார்ஜர் என்றால் கதை வேறு. அது டர்போ மாதிரியே ஒரு வாய் வழியாகக் காற்றைத் தள்ளும், பைப் போடுவது சுலபம், காற்று இண்டர்கூலரே போதும்.

கோபாலபுரம்: என் போலோ ஜிடி டிஎஸ்ஐ-ல பம்பரைக் கழட்டிப் பார்த்தேன், இண்டர்கூலரே காணோம். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?

இல்லைங்க. அந்த 1.2 லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜினில் இண்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீர் வகை. டர்போ வண்டிதான், ஆனால் மேலே சொன்ன அதே தத்துவம். பம்பரை மாட்டிவிடுங்கள்.

நெம்மாறை: நெல்லியாம்பதி ஏறும்போது முதல்ல நல்லா இழுக்குது, பாதி மலைக்கு மேல புல்லிங் செத்துப்போகுது. கீழே இறங்கி ஒரு மணி நேரம் நின்னா சரியாகுது. என்ன கோளாறு?

அநேகமாகக் கோளாறே இல்லை, சூடு தேங்குகிறது. இதை எல்லோரும் கவனிக்கணும், பாதிப் பேர் குழம்புவது இங்கேதான். தண்ணீர் சூட்டை வாங்கிக் கொண்டுபோகும், ஒழிக்காது. ஒழிப்பது முன்னால் கிரில்லுக்குப் பின்னே இருக்கும் தனிச் சின்ன ரேடியேட்டர். இன்ஜின் கூலன்ட் ரேடியேட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்ஜின் கூலன்ட் 90 டிகிரிக்கு மேல் ஓடுவது, அதை வைத்து 110 டிகிரிக் காற்றை எவ்வளவு இறக்க முடியும்? அதனால் இண்டர்கூலர் சுற்றுக்குத் தனி பம்ப், தனி டேங்க், தனி ரேடியேட்டர்.

சமவெளியில் ஓவர்டேக் செய்ய ஐந்தாறு விநாடி மிதிக்கிறீர்கள், வருகிற சூட்டைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது, அப்புறம் சாதாரணமாக ஓடும்போது பைபாஸ் வால்வு திறந்து சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்காமல் சும்மா சுற்றுவதால் ஆறிவிடுகிறது. போத்துண்டி அணை தாண்டி ஏற்றத்தில் அப்படியில்லை. வளைவுக்கு வளைவு மிதிக்கிறீர்கள், வேகமோ 30-தான், ரேடியேட்டருக்குக் காற்று வருவதில்லை. சூடு ஏறிக்கொண்டே போகிறது. ஓபிடி ரீடர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி இன்டேக் ஏர் டெம்பரேச்சரை, அதாவது உள்ளே போகும் காற்றின் சூட்டை, பாருங்கள், புல்லிங் சாகிற இடமும் அது எகிறுகிற இடமும் ஒன்றாக இருக்கும்.

வேலந்தாவளம்: அப்படின்னா டேங்கைப் பெருசாக்கிட்டா முடிஞ்சுதே?

தென்னந்தோப்புத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஊற்றுவது அதிகம், வாய்க்காலில் போவது குறைவு என்றால் தொட்டியைப் பெரிதாகக் கட்டினாலும் வழியத்தான் போகிறது, கொஞ்சம் தாமதமாக. மலைக்கு வேண்டியது பெரிய ரேடியேட்டர், அதற்கு ஒரு ஃபேன். டேங்க் பெரிதாக இருப்பது நேர்கோட்டில் கொஞ்ச தூரம் மட்டும் பாயும் டிராக் ரேஸ்காரர்களுக்குத்தான் பயன், பத்துப் பதினைந்து விநாடியில் ஓட்டம் முடிந்துவிடும், ஐஸைக் கொட்டிவிட்டுப் போகலாம். 2018 டாட்ஜ் டீமனில் இன்னும் ஒரு படி மேலே போய் ஏசி கேஸையே திருப்பிவிட்டு இந்தத் தண்ணீரைக் குளிர வைத்தார்கள். நம்ம ஊர் ஏப்ரலில் ஏசியை அதற்குக் கொடுத்துவிட்டு வீட்டம்மாவை எப்படிச் சமாளிப்பது என்பது உங்கள் பாடு.

மீனாட்சிபுரம்: பம்ப் ஓடுதான்னு எப்படிப் பாக்கறது? போர் தண்ணி ஊத்தலாமா?

இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஆறியிருக்கும்போது மட்டும், இண்டர்கூலர் டேங்க் மூடியைத் திறந்து இக்னிஷனைப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டியில் பம்ப் உடனே ஓடும், தண்ணீர் மேலே சுழிக்கும். சுழிக்காமல் குமிழ் குமிழாக வந்தால் ஏர்லாக், குழாயில் காற்று அடைத்திருக்கிறது. சில வண்டியில் காற்று சூடான பிறகுதான் பம்ப் ஓடும், அப்போது ஹோஸில் கை வைத்தால் லேசான அதிர்வு தெரியும். கோருக்குள் போகும் ஹோஸைவிட வெளியே வருவது சூடாக இருக்கணும். ஒன்று கொதித்து இன்னொன்று ஜில்லென்று கிடந்தால் தண்ணீர் நகரவில்லை.

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணீர் அந்த மெல்லிய குழாய்களில் காரை கட்டிவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கம்பெனி சொன்ன கூலன்டும்தான். கூலன்ட் அதிகம் ஊற்றினால் அதிகம் குளிரும் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது, அது தப்பு. வெறும் தண்ணீர்தான் அதிகச் சூடு சுமக்கும். கூலன்ட் துருப்பிடிக்காமல் இருக்க, குளிர்நாட்டில் உறையாமல் இருக்க.

பொள்ளாச்சி: இண்டர்கூலர் டேங்க்ல அடிக்கடி தண்ணி குறையுது, கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஊத்திட்டே ஓட்டலாமா?

ஓட்டாதீங்க. வெளியே ஒழுகவில்லை என்றால் கோருக்குள் ஒழுகி மேனிஃபோல்டில் இறங்கலாம். ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து வெள்ளைப் புகையாகப் போகும், உங்களுக்குத் தெரியாது. ராத்திரி நிறுத்தி வைக்கிறபோது ஒரு சிலிண்டரில் தேங்கினால், காலையில் ஸ்டார்ட் செய்கிற ஒரே சுற்றில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தண்ணீர் அமுங்காது. டேங்கில் பிரஷர் டெஸ்டர் மாட்டி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பிளக்குகளைக் கழற்றி எதிலாவது ஈரம் இருக்கிறதா என்றும் பார்க்கணும். அதுவரை சாவியைத் தொடாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.