இருட்டிய பின் சொல்லும் பேய்க்கதைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஏழு வயது மகள் இரவில் பேய்க்கதைதான் வேண்டும் என்கிறாள். எதிலிருந்து தொடங்கலாம், அம்மா?

பதில்: வேதாளத்திலிருந்து தொடங்குங்கள். காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் சிம்சபா மரத்தில் தொங்கிய பிணம், தமிழுக்கு வந்தபோது முருங்கை மரத்திற்கு இடம் மாறிவிட்டது. கொல்லையில் தினமும் பார்க்கும் மரம் என்பதால் குழந்தைக்கு அது இன்னும் நெருக்கமாகிறது. சுடுகாடு, நள்ளிரவு, தோளில் பிணம் என்று அச்சத்திற்கு வேண்டியதெல்லாம் இக்கதையில் உண்டு. ஆனால் அந்தப் பிணம் வாய் திறந்து ஒரு புதிர் போட்டவுடன், பயந்துகொண்டிருந்த மனம் விடை தேடத் தொடங்கிவிடுகிறது. விடை தெரிந்தும் அரசன் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் மரத்திற்குத் திரும்பிவிடும் என்ற ஏற்பாட்டைக் குழந்தைகள் மிகவும் ரசிக்கிறார்கள். முதல் இரவுக்கு, கல்வி கற்ற நான்கு சகோதரர்கள் ஓர் எலும்புத் துண்டிலிருந்து சிங்கத்தை உருவாக்கி, அதற்கே இரையான கதையைச் சொல்லுங்கள். நால்வரில் யார் குற்றவாளி என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். சிங்கம் என்று தெரிந்த பிறகும் உயிர் கொடுத்தவனே குற்றவாளி என்பது அரசனின் தீர்ப்பு; உங்கள் மகள் வேறு தீர்ப்புச் சொன்னால் அதையும் மதியுங்கள்.

கேள்வி: "கொள்ளிவாய்ப் பிசாசு உண்மையா?" என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

பதில்: உண்மையைச் சொல்லுங்கள். சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் மட்கும்போது எரியக்கூடிய வாயு உண்டாகிறது; 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் அந்த வாயுவைச் சேகரித்து ஆராய்ந்தவர் வோல்ட்டா. இத்தகைய வாயுக்கள் எரிவதால் தோன்றும் வெளிச்சமே கொள்ளிவாய்ப் பிசாசு என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். புளிய மரத்தைப் பற்றிக் கேட்டால், கைவிளக்குடன் அழைத்துச் சென்று, இரவில் அதன் இலைகள் மடங்கிக் கிடப்பதைக் காட்டுங்கள். இந்த விளக்கங்களால் கதையின் சுவை குறையாது என்பதே என் அனுபவம்.

கேள்வி: பழையனூர் நீலி கதையைச் சொல்லலாமா?

பதில்: சிறுவர்களுக்கு வேண்டாம். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வரும் நீலியும், கொடுத்த வாக்குக்காகத் தீப்பாய்ந்த எழுபது வேளாளரும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கே உரியவர்கள்.

கேள்வி: சிரிக்க வைக்கும் பேய்கள் நம் இலக்கியத்தில் உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் நொண்டிப் பேய், ஊமைப் பேய், குள்ளப் பேய் என்று ஒரு கூட்டத்தையே பசியோடு நிறுத்துகிறார். போர்க்களத்தில் அவை கூழ் சமைக்கும் பகுதி கொடூரமானது. பசியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூழுக்கு வரிசையில் நிற்கும் பேய்களாகச் சொல்லிவிடலாம்.

கேள்வி: குழந்தை அளவுக்கு மீறிப் பயப்படுகிறது என்பதை இருட்டில் எப்படி அறிவது?

பதில்: கதைக்கு "உம்" கொட்டச் சொல்லும் பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். "உம்" உரக்க வரும்வரை குழந்தை கதைக்குள் மகிழ்ச்சியாக இருக்கிறது. அது மெலிந்தால் உறக்கம் வருகிறது என்று பொருள். சட்டென்று நின்று, சிறு கை உங்கள் புடவையை இறுகப் பற்றினால், வேதாளத்தை அப்போதே மரத்தில் ஏற்றிவிட்டு விளக்கைப் போடுங்கள்.