வெற்றியைக் கற்பனை செய்தும் புத்தகம் திறக்க முடியவில்லை

வேலைக்கான தேர்வின் தேர்ச்சிப் பட்டியலில் உங்கள் பெயரைக் காண்பதாகத் தினமும் காலையில் கற்பனை செய்வதை நிறுத்துங்கள். அந்த நேரத்தில், உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்யுங்கள்: எந்த மேசை, எந்தப் பாடம், கைப்பேசி எங்கே இருக்கிறது என்பதுவரை.

"மனதார நம்பியும் புத்தகத்தைத் திறக்கத் தோன்றவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பிக்கைக் குறைவு காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். கிடைத்துவிட்டதாகவே மனம் பார்த்தால், எழுந்து உழைக்க அதற்கு என்ன அவசரம்? உளவியலாளர் கேப்ரியேல் எட்டிங்கனும் ஹெதர் கேப்பஸும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இன்பக் கனவில் திளைத்தவர்களின் ஊக்கம் குறைந்திருப்பது இரத்த அழுத்த அளவிலேயே தெரிந்தது. 1999இல் வெளியான இன்னோர் ஆய்வில், நல்ல மதிப்பெண்ணை மட்டும் கற்பனை செய்த மாணவர்களைவிட, படிக்கும் முறையைக் கற்பனை செய்தவர்களே அதிகம் படித்தார்கள், அதிக மதிப்பெண்ணும் பெற்றார்கள். மனதார நினைத்தாலே நடக்கும் என்று 'ஈர்ப்பு விதி' பேசும் காணொளிகள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் அவர்களின் வகுப்புக்கு யார் பணம் கட்டுவார்கள்?

ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள்.

1. உங்களைத் தடுப்பது எது என்று ஒரே வரியில் எழுதுங்கள். "எனக்குக் கணக்கு வராது" என்று வந்தால், அந்த எண்ணம்தான் புத்தகத்தை மூடி வைத்திருக்கிறது.

2. அதற்கு எதிராக ஒரு திட்டம்: "இரவுச் சாப்பாடு முடிந்ததும் விகிதக் கணக்கு ஐந்து போடுவேன்."

3. படித்த நிமிடங்களைக் குறித்து, போன வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

இதனால் வேலைக் காலியிடங்களின் எண்ணிக்கை அதிகரிக்காது. படிக்கும் நேரம்தான் கூடும். படிப்பில் மட்டுமின்றி எதிலுமே நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கின்றன என்றால், இந்தப் பயிற்சியை விட்டுவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.