கொல்கத்தாவின் மூன்று பெரிய கால்பந்துக் கிளப்புகள் ஏன் பழைய நிலையில் இல்லை?

மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று ஒரே ஊரில் மூன்று பெரிய கிளப்புகள் இருந்தும், இந்தியக் கால்பந்தைக் கொல்கத்தா ஆண்ட காலம் ஏன் போய்விட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவு என்ற சொல்லை மூன்றுக்கும் ஒரே பொருளில் வைக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மோகன் பகான் 2024–25 பருவத்தில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடரில் லீக் சுற்றில் முதலிடத்துக்கான கேடயம், இறுதியாட்டக் கோப்பை இரண்டையுமே வென்றது. அதே பருவத்தில் ஈஸ்ட் பெங்கால் ஒன்பதாம் இடத்திலும், முகமதன் பதின்மூன்று அணிகளில் கடைசி இடத்திலும் முடித்தன. ஆனாலும் மூன்றையும் பிடித்த நோய் ஒன்றே என்பது என் எண்ணம்: பக்கத்துக் கிளப்பை வெல்வதற்காகவே வாழ்ந்த இவை, அதற்கு வெளியே வாழ்வதற்கு எதையும் கட்டி வைத்துக்கொள்ளவில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர் பக்கத்தைச் சேர்ந்தவன். எங்கள் கரையில் கிரிக்கெட்டை விடக் கால்பந்துக்கே மதிப்பு அதிகம். சரக்குக் கப்பல் தொடர்பான வேலைக்காக 2016 முதல் 2019 வரை கொல்கத்தாவில் இருந்தேன். ஜாதவ்பூர் பக்கம், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய காலனி ஒன்றில் வாடகை வீடு. வீட்டுக்காரர் பரம்பரை ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர். நான் மோகன் பகான் பக்கம் சாய்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது: அவர்கள் சின்னத்தில் பாய் விரித்த படகு இருந்தது, கடற்கரைக்காரனுக்கு அது போதுமானதாக இருந்தது. அதைச் சொன்னபோது வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, அது கடலில் போகும் படகு இல்லை, ஆற்றுப் படகு என்றார்.

பழைய பெருமையைப் பலரும் எழுதியிருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1889இல் தொடங்கிய மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்று ஐஎஃப்ஏ கேடயத்தை எடுத்தது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீகை வென்றது. 1920இல் பிறந்த ஈஸ்ட் பெங்காலின் முதல் பொற்காலத்தை உருவாக்கிய ‘பஞ்ச பாண்டவர்’ (அப்பாராவ், தன்ராஜ், சாலே, அகமது கான், வெங்கடேஷ்) ஐவருமே தென்னிந்தியர்கள். இந்தப் பட்டியலை என் வீட்டுக்காரர் ஜெபமாலை சொல்வதைப் போலச் சொல்வார். எனக்கு அவர் வாடகையை உயர்த்தாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி நோய்க்கு வருகிறேன். இந்தக் கிளப்புகள் உறுப்பினர் சந்தா, தேர்தல், நிர்வாகக் குழு என்று சங்கங்களைப் போல நடந்தவை. ஒரு செயலாளர் அடுத்த தேர்தலில் ஜெயிக்க வேண்டுமென்றால் இளைஞர் பயிற்சிக்கூடம் கட்டியதைச் சொல்லி ஜெயிக்க முடியாது. எதிர்க் கிளப்பின் நட்சத்திர ஆட்டக்காரரை இழுத்துவந்ததைச் சொல்லி ஜெயிக்கலாம். வீரர் பதிவுக் காலம் வந்தால், கையெழுத்துப் போடும் நாள் வரை ஆட்டக்காரரை எங்காவது மறைத்து வைத்துக் காவல் காத்த கதைகள் கொல்கத்தாவில் தெருவுக்குத் தெரு உண்டு. பணம் போனது இதற்குத்தான். மூன்று கிளப்புகளின் சொந்த மைதானங்களும் நகரின் நடுவே உள்ள ‘மைதான்’ என்ற திறந்தவெளியில், இராணுவத்தின் கட்டுப்பாட்டில் உள்ள நிலத்தில் இருப்பவை. அங்கே நினைத்தபடி நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. பெரிய ஆட்டங்களுக்கு அரசின் சால்ட் லேக் அரங்கத்தைத்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும். நூறாண்டு வயதுள்ள கிளப்புக்குத் தனக்கென்று ஒரு பெரிய அரங்கம் கிடையாது என்பதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை.

உள்ளூர் வெற்றியே போதும் என்று இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. 1975இல் ஐஎஃப்ஏ கேடய இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என்று மோகன் பகானை அடித்ததை அரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இவ்விரு அணிகளும் மோதியபோது ஏறத்தாழ 1,31,000 பேர் சால்ட் லேக்கில் கூடினார்கள். ஈஸ்ட் பெங்காலின் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார். இப்படிப்பட்ட கூட்டம் இருக்கும்போது எதிர்காலத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? ஆனால் அதே ஆண்டு முதல் தேசிய லீகை வென்றது பஞ்சாபின் ஜேசிடி. அடுத்து வந்த ஆண்டுகளில் கொல்கத்தாவும் வென்றது, மறுக்கவில்லை. 2003இல் ஈஸ்ட் பெங்கால் ஜகார்த்தா சென்று ஆசியான் கிளப் கோப்பையையே வென்று வந்தது. எனினும் தேசிய லீகுக்குப் பதிலாக 2007இல் தொடங்கிய ஐ-லீகை ஈஸ்ட் பெங்கால் ஒருமுறைகூட வெல்லவில்லை. ஆனால் உள்ளூர் கல்கத்தா லீகை 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு முறை வென்றது. இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது புரியும்.

பகை எவ்வளவு தூரம் கண்ணை மறைக்கும் என்பதற்கு 2012 டிசம்பர் 9 ஓர் எடுத்துக்காட்டு. ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டத்தில் மோகன் பகானின் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை, பார்வையாளர் பக்கமிருந்து வந்த கல் அதே அணியின் ரஹீம் நபியின் முகத்தில் பட்டது, அணி இரண்டாம் பாதிக்குத் திரும்பவில்லை. முதலில் விதிக்கப்பட்ட தடை பிறகு நீக்கப்பட்டாலும், இரண்டு கோடி ரூபாய் அபராதமும் புள்ளிப் பறிப்பும் மிஞ்சின. இதில் ஒரு வேடிக்கை, அந்தக் காலத்தில் இரண்டு அணிகளின் சட்டையிலும் இருந்த பெயர்கள் ஒரே மதுபானக் குழுமத்தின் இரண்டு சரக்குகளுடையவை. மேலே அடித்துக்கொண்டார்கள், கீழே கல்லாப் பெட்டி ஒன்றுதான்.

2014இல் ஐஎஸ்எல் வந்தபோது கொல்கத்தாவின் பெயரில் இறங்கியது இந்த மூன்றில் எதுவும் இல்லை. அத்லெட்டிகோ டி கொல்கத்தா (சுருக்கமாக ஏடிகே) என்று புதிதாகப் பிறந்த அணி. பிறந்த ஆண்டிலேயே கோப்பையையும் வென்றது. தொலைக்காட்சியும் விளம்பரமும் அந்தப் பக்கம் போக, பழைய கிளப்புகள் ஐ-லீகிலும் அதன் இரண்டாம் பிரிவிலும் நின்றுகொண்டிருந்தன.

2019 மார்ச் 9 அன்று நடந்ததை நான் மறக்க முடியாது. ஐ-லீகின் கடைசி நாள். கோயம்புத்தூரில் சென்னை சிட்டி தோற்றோ சமன் செய்தோ, கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால், கோப்பை கொல்கத்தாவுக்கு. வீட்டுக்காரர் ஒரு ஆட்டத்தைத் தொலைக்காட்சியிலும் மற்றதைக் கைப்பேசியிலும் வைத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். சென்னை சிட்டி தொடக்கத்திலேயே மினர்வாவிடம் ஒரு கோல் வாங்கியதும் எழுந்து நின்றவர், இடைவேளைக்குப் பிறகும் உட்காரவில்லை. கடைசியில் ஈஸ்ட் பெங்கால் 2–1 என்று வென்றது. சென்னை சிட்டியும் 3–1 என்று வென்று, ஒரே ஒரு புள்ளியில் கோப்பையை எடுத்துக்கொண்டது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அவருடைய மனைவி இரண்டு தேநீர் கொண்டுவந்தார். என் தேநீரை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, “உங்கள் ஊர்க்காரர்கள்” என்று மட்டும் சொன்னார். அப்போது மகிழ்ந்த எனக்கு இப்போது ஒரு கசப்பும் உண்டு: அந்தச் சென்னை சிட்டி அடுத்த சில ஆண்டுகளிலேயே ஐ-லீகிலிருந்து மறைந்தது. அதே 2019இல் கல்கத்தா லீகை பியர்லெஸ் வென்றது. மூன்று பெரிய கிளப்புகளுக்கு வெளியே ஓர் அணி அதை எடுத்தது 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வேக்குப் பிறகு அதுவே முதல் முறை. வீட்டுக் கொல்லையிலேயே பிடி தளர்ந்துவிட்டது என்று நான் நினைத்தது அன்றுதான்.

அதன் பிறகு நடந்தது விற்பனை. 2020இல் அத்லெட்டிகோவை நடத்திய குழுமம் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காட்டை வாங்கி, இரண்டையும் சேர்த்து ‘ஏடிகே மோகன் பகான்’ ஆக்கியது. அந்த அணியின் முதல் ஐஎஸ்எல் ஆட்டத்தில் எங்கள் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இறங்கினார். ஊரே தொலைக்காட்சி முன் இருந்தது. கால் மணி நேரம் ஆவதற்குள் முழங்கால் காயத்துடன் வெளியே வந்தார், அந்தப் பருவமே போயிற்று. பெயரிலுள்ள ‘ஏடிகே’யை நீக்கச் சொல்லி ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் போராடி, 2023இல் கோப்பை வென்ற இரவில்தான் அதை நீக்கும் அறிவிப்பைப் பெற்றார்கள். கோப்பைகள் வந்தன, பெயரை மீட்கக்கூட உரிமையாளரிடம் கேட்டு நிற்க வேண்டிய நிலையும் வந்தது. ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த அளவுக்குக்கூட வாய்க்கவில்லை. 2018க்குப் பிறகு நான்கு ஆண்டுகளில் மூன்று முதலீட்டாளர்கள். அவர்களில் ஒருவரான சிமெண்ட் நிறுவனத்துடனான இறுதி ஒப்பந்தத்தில் நிர்வாகம் கையெழுத்திடாததால், 2021 ஜூலையில் கிளப் வாசலில் கூடிய ரசிகர்கள் போலீஸ் தடியடி வாங்கினார்கள். அடுத்த பருவத்தில் அணி ஒரே ஒரு ஆட்டத்தில் வென்று கடைசி இடத்தில் முடித்தது. முகமதன் 2023–24இல் ஐ-லீகை வென்று ஐஎஸ்எல்லுக்கு ஏறி, சம்பள பாக்கிச் சிக்கலோடு ஒரே ஆண்டில் அடியில் போய் நின்றது.

எங்கள் கரையில் இதைச் சிறிய அளவில் நான் பார்த்திருக்கிறேன். என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கிளப்புக்கும் பக்கத்து ஊர்க் கிளப்புக்கும் தீராத போட்டி. திருவிழாக் கால செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) இறுதி ஆட்டத்துக்காக வள்ளக்காரர்கள் மீன் விற்ற பணத்தில் ஒரு பங்கு ஒதுக்கிவிடுவார்கள். பக்கத்து ஊர்ப் பையன்கள் வளைகுடாவுக்கும் ஆழ்கடல் படகுகளுக்கும் போய் அவர்கள் அணி கலைந்தபோது நாங்கள் வெடி போட்டோம். இரண்டே ஆண்டுகளில் எங்கள் கிளப்புக்கும் நன்கொடை கொடுக்க ஆளில்லை. “அவனுவ இல்லாத்த களியில யாருக்கு மக்களே பைசா குடுக்கணும்?” என்று ஒரு வள்ளக்காரர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார். மோகன் பகான் தொடர்ந்து எட்டு டெர்பிகளை (ஈஸ்ட் பெங்காலுடனான ஒரே ஊர் மோதல்களை) வென்ற காலத்தில், அந்த வெற்றிகளின் விலை ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போனதை நான் இதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

ஆனால் ரசிகர் கூட்டம் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஆகஸ்டில், பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட ஆர்.ஜி. கர் மருத்துவமனைக் கொடுமைக்கு எதிரான போராட்டத்தின் நடுவே டெர்பி ரத்தானபோது, மூன்று கிளப்புகளின் ரசிகர்களும் தத்தம் கொடிகளுடன் சால்ட் லேக் வாசலில் ஒன்றாக நின்றார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன், 2023 ஆகஸ்ட் 12 அன்று, டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் நாலரை ஆண்டுகளுக்குப் பிறகு மோகன் பகானை வென்றது. ஒரே கோலை அடித்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். ஈஸ்ட் பெங்கால் வென்றால் கொல்கத்தாவில் ஈலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் வென்றால் இறால் விலை ஏறும் என்பது ஊர் வழக்கு. அன்று இரவு பத்து மணிக்கு என் பழைய வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் ஊர்ப் பையன் அடித்தான் என்றார். சென்னைக்கும் என் ஊருக்கும் எழுநூறு கிலோமீட்டர் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்காமல், மறுநாள் காலை சந்தையில் ஈலிஷ் என்ன விலை சொல்வார்களோ என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.