கொப்பளிக்கும் கஷாயமும் பற்படலமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

திரிபலா கஷாயத்தை வீட்டில் எப்படித் தயாரிப்பது? எத்தனை நாள் வைத்திருக்கலாம்?
– கல்லூரி மாணவி, திருச்சி

ஒரு தேக்கரண்டி திரிபலாச் சூரணத்தை (கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த பொடி) ஒரு டம்ளர் நீரில், அதாவது சுமார் 200 மில்லியில், இட்டுப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, ஆறவைத்து, நெருக்கமான துணியில் இருமுறை வடிகட்டுங்கள். சரியாக வடிகட்டாவிட்டால் தூள் ஈறின் ஓரத்தில் தங்கி உறுத்தும். இரும்புப் பாத்திரத்தில் காய்ச்ச வேண்டாம். கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மையைப் போலக் கறுத்துவிடும். துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுவோர் காலங்காலமாகப் பயன்படுத்திவரும் வழியே அதுதான். அன்று காய்ச்சியதை அன்றே பயன்படுத்த வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். ஒரு வேளைக்கு 10 மில்லி போதும். அரை நிமிடமாவது வாய் முழுவதும் அலசித் துப்புங்கள், விழுங்காதீர்கள். முதலில் பிரஷ், பிறகே கஷாயம். அதுவும் துலக்கிய கையோடு அல்ல. பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடு பல்லில் தங்குவதற்கு அரை மணி நேரமாவது இடைவெளி கொடுங்கள்.

நான்கு வயது மகனுக்கும் இதைக் கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, மதுரை

கூடாது. ஆறு வயது நிறையும்வரை, மூலிகையோ கடைச் சரக்கோ, எந்தக் கொப்பளிப்பு நீரும் வேண்டாம். அந்த வயதில் துப்புவதைவிட விழுங்குவதே அதிகம். பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து நீங்களே துலக்கிவிடுங்கள்.

என் 15 வயது மகளுக்குப் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. ஒரு மாதமாகப் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, மாசிக்காயும் திரிபலாவும் சேர்த்துக் காய்ச்சிக் கொப்பளிக்கச் செய்கிறேன். ரத்தம் குறைந்துவிட்டது. இதையே தொடரலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

தொடரக் கூடாது, இன்று இரவே பிரஷ்ஷை மகளின் கையில் கொடுங்கள். என் இத்தனை ஆண்டு மருத்துவத்தில் என்னை மிகவும் வருந்தச் செய்வது, ரத்தம் கசியும் இடத்தைத் தொடாமல் விட்டுவிடும் இந்தப் பழக்கம்தான். ஈறில் ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அங்கே படிந்து கிடக்கும் பற்படலம், அதாவது பல்லின்மேல் ஒட்டும் பிசுபிசுப்பான படலம். அதை அகற்றும் கருவியையே நிறுத்திவிட்டால் நோய் எப்படித் தணியும்? 1965-இல் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேர், பெரும்பாலோர் இளம் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது; மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தணிந்தது. உங்கள் மகள் துலக்காமல் இருப்பது ஒரு மாதம்.

அப்படியானால் ரத்தம் ஏன் குறைந்தது என்று கேட்பீர்கள். மாசிக்காயும் கடுக்காயும் கடுமையான துவர்ப்பு உடையவை. துவர்ப்பு ஈறின் மேல்திசுவைச் சுருக்கிக் கசிவைத் தற்காலிகமாக அடக்கும். ஆனால் படலம் அப்படியே இருக்கும். அது வெறும் அழுக்கு அல்ல. பசை போன்ற பொருளைத் தாமே சுரந்து அதற்குள் பாதுகாப்பாக வாழும் நுண்ணுயிர்களின் குடியிருப்பு. புதிதாகப் படிவதைக் கஷாயம் ஓரளவு தடுக்கலாம். முற்றிப் படிந்ததைப் பெயர்க்க உராய்வு வேண்டும். பெயர்க்காவிட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து சில நாட்களிலேயே பற்காரையாக இறுகத் தொடங்கும், பிறகு பிரஷ்ஷாலும் முடியாது. ரத்தக் கசிவு என்பது ஈறு நமக்குத் தரும் எச்சரிக்கை. நீங்கள் எச்சரிக்கையை அடக்கிவிட்டுக் காரணத்தை விட்டுவைத்திருக்கிறீர்கள். மென்மையான பிரஷ்ஷை ஈறின் ஓரத்தில் சாய்த்து வைத்து, இரண்டு நிமிடம், இரண்டு வேளை துலக்கட்டும். முதல் சில நாட்கள் ரத்தம் வரத்தான் செய்யும், பயந்து நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் படிந்ததில் காரை இருக்க வாய்ப்புள்ளதால் பல் மருத்துவரிடம் ஒருமுறை சுத்தம் செய்துகொள்வது நல்லது. இரண்டு வாரம் கழித்தும் ரத்தம் நிற்காவிட்டால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். கஷாயத்தை விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிரஷ், பிறகே கஷாயம்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதால் ஏரிக்கரையில் உள்ள வேலமரத்துப் பட்டையை வெட்டிக் காய்ச்சிக் கொப்பளிக்கிறேன். நல்லதுதானே?
– மாணவர், ராமநாதபுரம்

எந்த வேல் என்று எழுதவில்லையே. பழமொழியில் வேல் என்பதைக் கருவேலம் என்றே பெரும்பாலும் கொள்கிறோம். உங்கள் மாவட்டத்து ஏரிக்கரைகளில் மண்டிக் கிடப்பது அநேகமாகச் சீமைக்கருவேலம், அது வேறு நாட்டிலிருந்து வந்த வேறு மரம். கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டையாகவும், காய் விதைக்கு விதை இடுங்கி மணிமாலை போலவும் இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீண்ட கதிராக இருக்கும். அடையாளம் தெரியாத மரத்தின் பட்டையை வாயில் வைக்காதீர்கள். தவிர, பழமொழி பேசுவது குச்சியைப் பற்றி. குச்சி தேய்க்கிறது, கஷாயம் தேய்ப்பதில்லை.

14 வயதுப் பையன் நல்லெண்ணெய் கொப்பளிக்கலாமா?
– ஆசிரியை, ஈரோடு

கொப்பளிக்கலாம். சென்னையில் வளரிளம் பருவத்துப் பையன்கள் 20 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், எண்ணெய் கொப்பளித்தவர்களுக்கும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி நீரைக் கொப்பளித்தவர்களுக்கும் பற்படலம் குறைந்தது. ஆனால் அது பத்தே நாள் ஆய்வு, பெரிய முடிவுகளுக்கு அது போதாது. அண்ணாந்து தொண்டைக்குள் கொப்பளிக்க விடாதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலைப் பாதிக்கும். முடிந்ததும் விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள்.

பல்லில் கம்பி கட்டியிருக்கிறேன். மருத்துவர் இரண்டு வாரத்துக்கு குளோர்ஹெக்சிடின் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதில் திரிபலா போதாதா?
– பிளஸ் டூ மாணவி, கோவை

எழுதிக் கொடுத்ததை முடியுங்கள். நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த சில ஆய்வுகளில் திரிபலா ஏறக்குறைய அதற்கு இணையாகவே படலத்தைக் குறைத்திருக்கிறது. ஆயினும் அவற்றில் பல சில வாரங்களே நீடித்தவை. குளோர்ஹெக்சிடினை நீண்ட நாள் பயன்படுத்தினால் பல் பழுப்பேறும், நாக்கில் சுவை மாறும். எனவே இரண்டு வாரத்துக்குப் பின் திரிபலாவுக்கு மாறுவதில் தவறில்லை, உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். திரிபலாவும் சற்றுக் கறை படியச் செய்யும். கம்பியைச் சுற்றிச் சிறு இடைப்பல் பிரஷ்ஷால் துலக்காவிட்டால் இரண்டுமே பயன் தராது.

பற்களில் பழுப்புத் திட்டு. ஆறு மாதமாகக் கொய்யா இலைக் கஷாயம் கொப்பளித்தும் போகவில்லை.
– இளைஞர், தருமபுரி

வயதையும், எத்தனை காலமாகத் திட்டு இருக்கிறது என்பதையும் எழுதியிருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல் உருவாகும் பருவத்தில் அந்த நீரைக் குடித்து வந்த கறையானால் அது பல்லின் எனாமலுக்குள்ளேயே இருக்கிறது, எந்தக் கொப்பளிப்பும் அகற்றாது. நேரில் ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கஷாயத்தில் எலுமிச்சை பிழியலாமா?
– பெயர், ஊர் இல்லை

வேண்டாம். புளிப்பு எனாமலை அரிக்கும்.