வெருகல் முகத்துவாரத்துல பிடிச்ச கண்ணாடிக் குஞ்சு ஏன் சாகுது?

வெருகல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். மாரி நேரம் ராவில ஆத்து வாய்ல வலை போடேக்க கண்ணாடி மாதிரி சின்னச் சின்ன விலாங்குக் குஞ்சு முன்னூறு அளவில அகப்பட்டிருக்கு, வீட்டுக்குப் பின்னால புதுசா கட்டின சீமெந்துத் தொட்டில கிணத்துத் தண்ணி நிரப்பி விட்டிருக்கார், அவிச்ச முட்டை மஞ்சக்கருவை கரைச்சு ஊத்தியிருக்கார், நாலு நாளைக்குள்ள பாதி செத்துட்டுது, மிச்சத்துல சிலதுல வெள்ளையா பஞ்சு மாதிரி பிடிச்சிருக்கு. இதோட இன்னொரு கேள்வியும் வச்சிருக்கார், யப்பான்காரன் விலாங்கு முட்டையில இருந்தே லார்வா (பொரிச்ச உடன இருக்கிற முதல் பருவம்) எடுத்து வளர்க்கிறானாமே, அதை நாங்க திருகோணமலையில செய்யேலாதா எண்டு.

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்றன், ஏனெண்டா அதுல காசை வீணாக்கக்கூடாது.

விலாங்கு ஆத்துலயும் குளத்துலயும் வளர்ந்தாலும் முட்டை போடுறது ஆழக்கடல்ல. வெளிய வாற லார்வா 3 மில்லிமீட்டர் அளவு, வாய் கூட உருவாகியிருக்காது, ஒரு கிழமை தன்ட உடம்புல இருக்கிற மஞ்சக்கருவை வச்சு சமாளிக்கும், அதுக்குப் பிறகுதான் தீனி. வளர வளர வேப்பமிலை மாதிரி தட்டையா, உள்ளுக்க எல்லாம் தெரியிற மாதிரி வரும். கடல்ல இது தின்னுறது மேல இருந்து மெல்ல கீழ இறங்குற அழுகின துணுக்கு, சளி மாதிரியான சாமான், அதாலதான் ஆர்டீமியா, ரோட்டிஃபர் எண்டு மற்ற மீன் லார்வாவுக்குப் போடுற சின்ன உயிர்த்தீனியைப் போட்டு இதை வளர்த்தெடுக்க முடியாமப் போச்சு. யப்பான்ல ஹொக்கைடோ பல்கலைக்கழகம் 1973ல முட்டை பொரிக்க வச்சாங்க, ஆனா லார்வாவை கண்ணாடிக் குஞ்சு வரைக்கும் கொண்டு வர 2002 ஆயிட்டுது, அந்த வளர்ப்புக் குஞ்சுகள் பெருத்து திரும்ப முட்டை போட்டு குஞ்சு வந்தது 2010ல.

எப்பிடி செய்யிறாங்க எண்டு கேட்டா தலை சுத்தும். தொட்டில வளருற விலாங்கு பெரும்பாலும் ஆணாப் போயிடும், அதால சின்னதுலயே பெண் ஹோர்மோன் கலந்த தீனி குடுக்கோணும், பிறகு சமன் மீன்ட மூளைக்குக் கீழ இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பிட சாறை கிழமைக்கு ஒருக்கா ஊசியா போடோணும். லார்வாவுக்குத் தீனியா கனகாலம் குடுத்தது சுறா முட்டைப் பொடியில செய்த களி, அதை தொட்டி அடியில வச்சு மேல லைட்டைப் போடுவாங்க, லார்வாவுக்கு வெளிச்சம் பிடிக்காது, கீழ ஓடி களில முட்டித் தின்னும், கொஞ்ச நேரத்துல மிச்சத்தைக் கழுவி எடுக்கோணும். இது ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு அஞ்சு தரம். ஒவ்வொரு நாளும் லார்வாவை வேற சுத்தமான தொட்டிக்கு மாத்தோணும், தண்ணி 25 பாகை சுத்தமான கடல்தண்ணி, இப்பிடியே மாசக்கணக்கா, குறைஞ்சது அஞ்சு மாசம். 2016 வாக்கில ஒரு குஞ்சு எடுக்கவே 40,000 யென் செலவு, 2024 வாக்கில அதை 1,800 யென் அளவுக்கு இறக்கிட்டாங்க, அது கூட கடல்ல பிடிக்கிற குஞ்சை விட விலை. அரச ஆய்வுகூடமே இவ்வளவு கஷ்டப்படுற வேலையை வீட்டுத் தொட்டில செய்யப் போறது எனக்கெண்டா நியாயமாப் படேல்ல, அந்தக் கட்டத்தை கடல் பாத்துக்கொள்ளட்டும்.

இப்ப உங்கட கைல இருக்கிறதுக்கு வருவம். அது லார்வா இல்ல, லார்வாப் பருவத்தை கடல்லயே முடிச்சுட்டு வந்த கண்ணாடிக் குஞ்சு. ஒண்டை வெள்ளைக் கோப்பையில போட்டுப் பாருங்க, ரெண்டு கறுப்புக் கண், செவுள் பக்கம் சின்னச் சிவப்பு, நடுவால ஓடுற முள்ளு, மற்றதெல்லாம் தண்ணியோட தண்ணி. உடம்பு தட்டையா இல்லாம உருண்டை. முதுகுச் செட்டை குதத்துக்கு நேர மேல தொடங்கினா அது எங்கட கரையோர விலாங்கு, வியாபாரத்துக்கு ஓடுறது பெரும்பாலும் இதுதான். அதுக்கு நல்லா முன்னாலயே தொடங்கினா மற்ற இனம், பெருத்தா புள்ளி புள்ளியா வாறது.

சாவுக்கு காரணம் நான் பாக்கிற அளவுல மூண்டு இருக்கு. முதல் சந்தேகம் புதுச் சீமெந்து. சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணிட பிஎச் (அமிலமா காரமா எண்டு காட்டுற அளவு) 9, 10 எண்டு ஏறும், அதுல எந்தக் குஞ்சும் நிக்காது. உடனே மிச்சத்தை பெரிய பிளாஸ்டிக் பேசினுக்கோ டாங்குக்கோ மாத்துங்க, பழைய தண்ணியோட புதுசைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க, டக்கெண்டு கொட்டாதீங்க. சீமெந்துத் தொட்டிக்கு வாழைத்தண்டை வெட்டிப் போட்டு தண்ணி நிரப்பி ரெண்டு மூண்டு கிழமை ஊற விட்டு, இடைக்கிடை தண்ணியை மாத்தி, பிஎச் 8க்குக் கீழ நிலைச்ச பிறகு பாவிக்கலாம். அலங்கார மீன் கடைல பிஎச் பாக்கிற கிட் விக்கிறாங்க, அதுக்குக் காசு பாக்காதீங்க.

ரெண்டாவது உப்பு. முகத்துவாரத்துத் தண்ணில இருந்ததை நேரா கிணத்துத் தண்ணில போட்டா, அதுலயும் வலையில தோல் உரஞ்சின குஞ்சை, உடம்பு தாங்காது, அந்தப் புண்ணுலதான் பூஞ்சை பிடிச்சு பஞ்சு மாதிரி வாறது. லீட்டருக்கு 5 கிராம் அளவுல கல்லுப்பு கரைங்க, ஆயிரம் லீட்டருக்கு 5 கிலோ, அயடின் போடாதது, நிலாவெளி உப்பளத்துச் சாமான் கிடைச்சா நல்லது. கடல்தண்ணி கலப்பம் எண்டு சிலபேர் நினைப்பீங்க, ஆனா மாரில மகாவலி வந்து விழுற நேரம் கொட்டியாரக் குடாத் தண்ணிலயே உப்பு எவ்வளவு எண்டு அளக்காம சொல்லேலாது, கல்லுப்பு நிச்சயம். பத்துப் பதினஞ்சு நாள் போக உப்பை மெல்லக் குறைச்சு நன்னீருக்குக் கொண்டு வரலாம். கிணத்துத் தண்ணியை எடுத்த உடன ஊத்தாதீங்க, அதுல ஒக்சிஜன் குறைவு, ஒரு இரவு எயார் மோட்டர் போட்டு வைங்க. குழாய்த் தண்ணி எண்டாலும் அதுதான், குளோரின் போகோணும்.

மூண்டாவது அந்த மஞ்சக்கரு. அது குஞ்சு வயித்துக்குள்ள போனதை விட தண்ணில அழுகினதுதான் கூட, அமோனியா ஏறி செவுள் எரியும். ஒரு கணக்கு பாருங்க, ஒரு குஞ்சு 0.15 கிராம் வருமெண்டா முன்னூறும் சேர்த்து 45 கிராம். ஒரு நாளைக்கு உயிர்த்தீனி அஞ்சு கிராம் அளவில தொடங்கினாக் காணும், நல்லா தின்னத் தொடங்கினா பிறகு கூட்டலாம். ஒரு முட்டைட மஞ்சக்கருவே 15 கிராமுக்கு மேல.

பிடிச்ச முதல் ரெண்டு நாள் தீனியே வேணாம். பிறகு அலங்கார மீனுக்குப் போடுற டியூபிஃபெக்ஸ் புழு, அது கானுக்குள்ள வளருற சாமான் எண்டதால ஓடுற தண்ணில ஒரு நாள் கழுவிப்போட்டுத்தான் குடுக்கோணும், பின்னேரம் இருட்டினாப் பிறகு கூட திங்கும், மிஞ்சினதை ஒரு மணித்தியாலத்துல எடுத்துடுங்க. ஒரு கிழமை போக புழுவை நைசா வெட்டி, புரதம் 45 வீதத்துக்குக் குறையாத இறால் குஞ்சுத் தீனிப் பொடி, கொஞ்சம் மீன் எண்ணெய், ஒட்டுறதுக்குக் கிழங்கு மா எல்லாம் சேர்த்துக் குழைச்ச களியா ஒரு தட்டுல வச்சு தண்ணி மட்டத்துல தொங்க விடுங்க. ரெண்டு மூண்டு கிழமையில புழுவைக் குறைச்சுக் குறைச்சு களிக்கு மட்டும் மாத்தோணும். இந்த மாத்துற கட்டத்துலதான் கனக்கச் சாகும், களியைத் தின்னாத குஞ்சு தலை பெருத்து உடம்பு மெலிஞ்சு தெரியும், அதுகளைப் பிரிச்சு திரும்ப புழு குடுத்துத் தேத்தலாம், எல்லாம் தேறாது.

தண்ணி ஒவ்வொரு நாளும் கால்வாசி மாத்துங்க, சூடு 27ல இருந்து 30 பாகைக்குள்ள இருக்கட்டும், எங்கட ஊருக்கு அது பிரச்சினை இல்ல, மாரி ராவில மட்டும் மூடி வைங்க. மூட வேற காரணமும் இருக்கு, இதுகள் ஈரச் சுவர்ல ஏறும், மூலையில ஒரு நீர்க்கோடு கண்டாப் போதும், விடிய பாத்தா நிலத்துல காஞ்சு கிடக்கும். வெளியேறுற குழாய்க்கு 1 மில்லிமீட்டர் வலை. கரண்ட் போனா தொட்டிக்குக் காத்து விடுற எயார் மோட்டர் நிக்கும், பற்றரில ஓடுற ஒண்டு கட்டாயம் பக்கத்துல இருக்கோணும்.

மூண்டு கிழமைக்கு ஒருக்கா அளவு பிரிங்க. பிரிக்க முதல் ஒரு நாள் தீனி நிப்பாட்டுங்க. பெருத்தது சின்னதைக் கடிக்கும், முழுங்கும், எண்ணிக்கை குறையுது ஆனா செத்தது ஒண்டையும் காணேல்ல எண்டா களவு போகேல்ல தம்பி, உள்ளுக்கயே நடக்குது.

சட்டப் பக்கத்தையும் பாருங்க. 1996ம் ஆண்டின் 2ம் இலக்க கடற்றொழில் சட்டத்தின்படி நீருயிரின வளர்ப்புக்கு அனுமதிப்பத்திரம் வேணும், அதை நக்டாவிட்ட (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை) கேக்கோணும், குஞ்சு பிடிக்கிறதுக்கும் உயிரோட வெளிநாடு அனுப்புறதுக்கும் என்ன நிபந்தனை எண்டதையும் அங்கயே எழுத்துல எடுத்துக்கொள்ளுங்க. வாங்குறன் எண்டு போன்ல கதைக்கிற ஆள் அட்வான்ஸ் கேட்டா, உங்களுக்குத் தாறதுக்கில்லாம உங்களிட்ட இருந்து கேட்டா, அந்தக் கதையை அதோட விட்டுடுங்க.