பியூபில்: கண்ணுக்குள் ஒரு பாப்பா

கேள்வி: ஐயா, பள்ளிக்கூடத்தில் பியூபில் என்றால் மாணவர். கண் டாக்டரோ ‘பியூபில் விரிய சொட்டு மருந்து போடணும்’ என்கிறார். இரண்டும் ஒரே சொல்லா, தற்செயலாக ஒத்துப்போனதா?

பதில்: தற்செயல் இல்லை, இரண்டுக்கும் பாட்டி ஒருத்திதான். லத்தீனில் பூபுஸ் சிறுவன், பூப்பா சிறுமி. பொம்மைக்கும் பூப்பாதான். அவற்றின் செல்ல வடிவங்கள் பூபில்லுஸ், பூபில்லா. அவை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தன.

கேள்வி: சரி, சிறுமி எப்படிக் கண்ணுக்குள் போனாள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நல்ல வெளிச்சத்தில் உங்கள் பிள்ளையின் கண்ணைக் கிட்டே போய்ப் பாருங்கள். கறுப்பு வட்டத்தில் ஒரு குட்டி உருவம் தெரியும். அது நீங்கள்தான். கண்ணின் முன்பக்கப் படலம் வெளியே புடைத்திருப்பதால் குவி ஆடி போல உங்களைச் சுருக்கி, நிமிர்ந்தபடியே காட்டுகிறது. பியூபில் என்பது அந்தக் கறுப்பு வட்டம்தான், வெறும் துளை. உள்ளே போன ஒளி பெரும்பாலும் திரும்பி வராததால் கறுப்பு. அந்த இருட்டின் மேல் உருவம் பளிச்சென்று விழுகிறது. அதைத்தான் ரோமானியர் பொம்மை என்றார்கள். கிரேக்கத்தின் கோரே, சமஸ்கிருதத்தின் கனீனகா இரண்டுக்குமே சிறுமி என்றும் பொருள், கண்மணி என்றும் பொருள்.

கேள்வி: தமிழில் இப்படி உண்டா சார்?

பதில்: நன்றாகவே உண்டு. பாவை என்றால் பொம்மை, பெண், கண்மணி. கண் பாப்பா என்றும் சொல்கிறோமே! குறள் 1123இல் காதலன் தன் கண்ணில் இருக்கும் பாவையிடமே பேசுகிறான்: ‘கருமணியிற் பாவாய்நீ போதாய்’. நான் விரும்பும் பெண்ணுக்கு இங்கே இடம் போதவில்லை, நீ போய்விடு என்கிறான். கண்ணுக்குள் ஒரு பெண் குடியிருக்கிறாள் என்று மொழி முன்பே சொல்லிவைத்திருப்பதால்தான் அந்தக் குறளுக்கு அவ்வளவு அழகு.

கேள்வி: அப்போ மாணவர் என்ற பொருள் நேராகக் குழந்தையிலிருந்து வந்ததா?

பதில்: நேராக இல்லை. ரோமானியச் சட்டத்தில் தகப்பனை இழந்த சிறுபிள்ளைதான் பூபில்லுஸ். அந்தப் பிள்ளைக்கும் சொத்துக்கும் காவலாக நிற்பவர் டூட்டர். ஆங்கிலத்திலும் 14ஆம் நூற்றாண்டில் பியூபில் என்றால் காப்பாளர் பொறுப்பில் வளரும் பிள்ளை. மாணவர் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. டூட்டரும் கூடவே ஆசிரியர் ஆகிவிட்டார். நாம் மாலையில் பிள்ளைகளை அனுப்பும் டியூஷனுக்கும் முதற்பொருள் காவல்தான். ஒரு பிள்ளையைக் கற்றுக்கொடுக்கச் சேர்த்துக்கொள்கிறவர் அதன் காவலையும் ஏற்கிறார் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆசிரியர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: நாய்க்குட்டியைச் சொல்லும் பப்பி, பொம்மலாட்டப் பொம்மையைச் சொல்லும் பப்பெட்?

பதில்: அதே குடும்பம். பூச்சியின் கூட்டுப்புழுவுக்கு இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த பியூப்பாவும் அந்தப் பொம்மைதான்.

கேள்வி: கல்லூரியில் படிப்பவரைப் பியூபில் எனலாமா அண்ணா? விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.

பதில்: வேண்டாம் தம்பி, ஸ்டூடன்ட் என்றே எழுதுங்கள். பிரிட்டனில் பியூபில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான்.